முட்டம் பஸ் வந்தால் சர்வர் படுக்கும்

ரெஜிஷாவை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு நியாயம் உண்டு. நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில், மருந்துக் கவுண்டருக்கு வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவள் வந்து கத்தினாள்.

"ஜெபகுமாரிங்கது யாரு? உங்களுக்க ஸ்டாக் ரிப்போர்ட்டுதான் சர்வரைக் கொல்லுது. இனி பகல்ல அதை எடுக்கப்பிடாது, கேட்டியளா?"

நான் விடுவேனா? "சர்வரைப் பாக்கதுக்குத்தானே பிள்ளே உனக்குச் சம்பளம்? அதைப் போயி பாரு. எனக்க சோலியை நீ பாக்காண்டாம்" என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் முகம் கறுத்துப் போனது. அன்றைக்கு அவள் சொன்னது சுத்தத் தப்பு என்பது பிறகு தெரியவந்தது. தப்பு என்று தெரிந்த பிறகும் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவள் அப்படித்தான். முன்கோபக்காரி. எடுத்தெறிந்து பேசுவாள். அவளைப் பற்றிப் பொறுமைசாலி, தங்கமான பிள்ளை என்றெல்லாம் எழுத எனக்கு மனம் வராது. ஆனால் எழுதாமல் விட்டால், அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளைப் பற்றிச் சொல்லிவைத்த கதை மட்டும்தான் மிஞ்சும். அது பச்சைப் பொய். அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அவள் ஊர் கடலோரத்து முட்டம். அப்பா வள்ளத்தில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். எம்.சி.ஏ. படித்துவிட்டு 2006-இல் எங்கள் ஆஸ்பத்திரியில் சிஸ்டம் அட்மின் வேலைக்கு வந்தாள். அந்த வேலை என்ன என்று யாராவது கேட்டால், நிர்வாக அதிகாரி ராஜையன் சார் ஒரே வரியில் சொல்வார்: "மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணதுக்கு ஒரு ஆளு வேண்டாமா?" அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார். அவருக்கு அது நகைச்சுவை.

அந்த மிஷின் துபாயில் ஒரு கம்பெனி கழித்துப்போட்ட, சோலாரிஸ் என்கிற சிஸ்டத்தில் ஓடுகிற சர்வர். அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஜெபிஷ் என்பவன்தான் எங்கள் ஆஸ்பத்திரி புரோகிராம் முழுவதையும் எழுதினான். நோயாளியைப் பதிவு செய்வது, ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாம் அந்த ஒரே சர்வரில்தான் ஓடும். ஜெபிஷ் ராஜையன் சாருடைய அக்கா மகன். ஆகையால் புரோகிராமில் குற்றம் இருக்க முடியாது. குற்றம் இருந்தால் அது மிஷினில், இல்லையென்றால் எங்களிடம், அதுவும் இல்லையென்றால் வருகிற நோயாளிகளிடம்.

காலையில் முட்டம் பஸ் வந்து ஆஸ்பத்திரி முன்னால் ஆட்களை இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்தில் சர்வர் நின்றுவிடும். பதிவு கவுண்டரில் ஓமனா அடித்த எழுத்து திரையில் வராது. ரத்தம் எடுக்கிற இடத்தில் ரிசல்ட் வராது. என் கவுண்டரில் மருந்துச் சீட்டு பாதியில் நிற்கும். "முட்டம் பஸ் வந்தாச்சு, சர்வர் படுத்தாச்சு" என்பது ஆஸ்பத்திரியில் எல்லாரும் சொல்கிற வாடிக்கைப் பேச்சாகிவிட்டது. நர்சுகள் சொல்வார்கள், வாட்ச்மேன் சொல்வான், நானும் சொல்லியிருக்கிறேன். ரெஜிஷா அந்தப் பக்கம் போனால் சத்தம் குறையும், நிற்காது.

2008-இல், தவக்காலம் தொடங்கின நேரம், டிரஸ்ட் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். கூட்டமாக வந்து விழுவதால்தான் சர்வர் தாங்கவில்லை; எனவே ஈஸ்டர் முடிந்த பிறகு கடற்புறத்து நோயாளிகளுக்குப் பதிவு பிற்பகலில் மட்டும், அதுவும் பின்பக்கத்துக் கொட்டகையில். காலையில் இறங்குகிற கிழடுகட்டைகளும் கைக்குழந்தைக்காரிகளும் மதியம்வரை அந்தத் தகரத்துக்குக் கீழே வெந்து கிடக்க வேண்டும். அதற்குப் போர்டும் எழுதி வாங்கியாகிவிட்டது. ராஜையன் சார் அறையில் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள். பச்சை எழுத்து.

ரெஜிஷா அவர் அறைக்குள் போய், கூட்டம் காரணம் இல்லை என்றாள். பின்னே என்ன காரணம் என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

"காரணத்தைக் கொண்டு வா, போர்டை எடுக்கேன்" என்றார். "ஈஸ்டர்வரை நேரம் இருக்கு. ஜெபிஷுக்கே தெரியாததை நீ கண்டுபிடி, பாப்போம்."

அவளுக்கு அப்போது கையில் இருந்தது டிடிரேஸ் என்கிற ஒரு சாமான் மட்டும்தான். அது சோலாரிஸின் பத்தாவது பதிப்போடு சேர்ந்து வந்தது. அது என்ன என்று பிறகு ஒரு நாள் எனக்குச் சொன்னாள். "டாக்டரு அறுத்துப் பாக்காம நெஞ்சுல குழலை வச்சுக் கேக்காருல்லியா? அது மாதிரி ஓடுற புரோகிராமை நிறுத்தாம, திருத்தாம, உள்ள என்ன நடக்குன்னு கேக்கலாம்." உள்ளே ஆயிரக்கணக்கான இடங்கள் உண்டாம், எந்த இடத்தில் வேண்டுமோ அங்கே மட்டும் காது வைக்கலாமாம். அப்படிக் காது வைக்கிற இடத்துக்கு புரோப் என்று பெயர். கேட்டு முடித்து எடுத்துவிட்டால் மிஷின் பழையபடி ஓடும், ஒரு வடுவும் இருக்காது.

நம் பக்கத்தில் அதைப் பற்றிக் கேட்க ஆள் கிடையாது. ஜெபிஷிடம் ஒருமுறை கேட்டாள். "அதெல்லாம் பெரிய பெரிய கம்பெனில உள்ளவனுவளுக்கு. உனக்கு எதுக்கு பிள்ளே அந்தத் தொந்தரவு? பேக்கப் எடுத்தியா?" என்றான். அதற்குப் பிறகு அவனிடம் கேட்கவில்லை. செட்டிகுளத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கையேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிண்ட் எடுத்து, முட்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சர்வர் இருந்த ஏ.சி. அறைக்குள் போய், படித்ததைச் செய்து பார்த்தாள்.

முதல் நாளே ஏமாந்தாள். எந்தப் புரோகிராம் எத்தனை தடவை வேலை கேட்டு சிஸ்டத்தைக் கூப்பிடுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு வரி அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தாள், அப்போதும் இல்லை. சாமானே கெட்டுப்போனது என்று திட்டிவிட்டு வந்துவிட்டாள். எண்ணச் சொன்னால் அது எண்ணிக்கொண்டே இருக்கும், போதும் என்று கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கினால்தான் கணக்கைச் சொல்லும் என்று புரிய நாளாயிற்று. "நிறுத்தினாத்தான் வாயைத் திறக்கும்" என்றாள். எனக்கு மாமியார் ஞாபகம் வந்தது. நிறுத்து என்றால்தான் அவருக்கும் பேச்சு கூடும்.

அப்படி அவள் முதன்முதலில் கேட்டு வாங்கிய பதிலில், சிஸ்டத்தை அதிகத் தடவை கூப்பிட்டது என் மருந்துக் கவுண்டரின் ஸ்டாக் ரிப்போர்ட். பதிவு புரோகிராமையும் சோதிக்காமல் விடவில்லை. ஓமனா இருக்கையில் உட்கார்ந்து தன் பெயரை அடித்தாள்: ரெஜிஷா. உடனே வந்துவிட்டது. சரி, பதிவில் குற்றமில்லை என்று முடிவு கட்டி, நேராக என்னிடம் வந்து கத்தினாள்.

ராஜையன் சாருக்கு அது வசதியாகப் போயிற்று. என் ரிப்போர்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் நான் ஸ்டாக்கைக் கையால் எண்ணினேன், வாய் நிறைய அவளைச் சபித்தேன். அந்த வாரம் முழுக்க முட்டம் பஸ் வந்தது, சர்வர் படுத்தது. எல்லார் முன்னாலும் ராஜையன் சார் அவளைப் பார்த்து, "இப்போ என்ன சொல்லுக? உனக்க ஆளுவ ஒண்ணாட்டு வந்து விழுகதுதானே காரணம்?" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் அவள் மறுபடியும் என் கவுண்டருக்கு வந்தாள்.

"உங்களுக்க ஸ்கிரீன் எப்போ எப்போ நிக்கும்?"

அவளுக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். "உனக்க ஊரு பஸ் வந்தா நிக்கும். அஞ்சுகிராமம் பஸ் வந்தா நிக்காது. எனக்க திருவட்டாறு பஸ் வந்தாலும் நிக்காது. போதுமா?"

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"அஞ்சுகிராமம் பஸ்ல ஆளு குறைவா?" என்று கேட்டாள்.

"குறைவா? அது படிக்கட்டுல தொங்கிட்டுல்லா வருது."

"அப்போ கூட்டம் இல்ல" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்படியே ஏ.சி. அறைக்குள் போய்விட்டாள். ஒரு நன்றி கிடையாது.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றினாள். முதலில் அவள் கேட்டது எது அதிகத் தடவை கூப்பிடுகிறது என்று. அதிகத் தடவை கூப்பிடுவது வேறு, அதிக நேரம் பிடிப்பது வேறு. என் ரிப்போர்ட் நச்சு நச்சென்று ஆயிரம் தடவை கேட்டாலும் கேட்டவுடன் வழிவிட்டுவிடும். வழியை அடைத்துக்கொண்டு கிடப்பது யார் என்று கேட்க வேண்டும். அதற்கும் டிடிரேஸில் வழி இருந்தது. கொஞ்சம் கொஞ்சம் நேரத்துக்கு ஒருமுறை மிஷினை எட்டிப் பார்த்து, இந்த நொடியில் எந்தப் புரோகிராமின் எந்த வரியில் நிற்கிறாய், உன்னை யார் அனுப்பினது, அவனை யார் அனுப்பினது என்று குறித்துக்கொண்டே போகும்.

முட்டம் பஸ் வரும்வரை காத்திருந்து அதை ஓடவிட்டாள். சர்வர் நின்றது. போன் மேல் போன் வந்தது, அவள் எடுக்கவில்லை. மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லி வாட்ச்மேனை அனுப்பினார் ராஜையன் சார். அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள். போதும் என்று நிறுத்தியபோது திரை முழுக்க ஒரே பதில்: பதிவு புரோகிராமில், பெயர் தேடுகிற இடம். எட்டிப் பார்த்த போதெல்லாம் மிஷின் அங்கேதான் கிடந்திருக்கிறது.

பதிவில் குற்றமில்லை என்று அவளே முடிவு கட்டிய இடம் அது. இன்னொருத்தியாக இருந்தால் இதை வைத்தே ஜெபிஷிடம் சண்டைக்குப் போயிருப்பாள். என்னிடம் ஒருமுறை சூடு பட்டதால், இவள் இன்னொரு கேள்வி கேட்டாள். தேடுகிற இடத்தின் வாசலிலேயே காது வைத்து, உள்ளே போகிற பெயர் என்ன, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பெயர்வாரியாகக் கூட்டச் சொன்னாள். டிடிரேஸ் அதையும் செய்யும்.

அன்றைக்கு மதியம் என்னைக் கூப்பிட்டாள். வேறு யாரையும் அவளுக்குப் பிடிக்காது, என்னை மட்டும் பிடிக்கும் என்றில்லை. அந்த நேரத்தில் சும்மா இருந்தது நான்தான்.

"வந்து பாருங்க" என்றாள்.

திரையில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வரிசையாக நின்றன. மேலே உள்ளவற்றுக்கெல்லாம் துளி நேரம். கீழே வரவர நேரம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் கிடந்தவை: மரியஜான். மரியசெல்வம். மரியபுஷ்பம். மரியதாசன். மரியலீலா. கீழே எங்கே பார்த்தாலும் மரிய, மரிய, மரிய.

"என்னட்டி இது, ஜெபமாலையா?" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவள் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஜெபிஷ் செய்திருந்தது இதுதான். பெயர்களை, ஆங்கிலத்தில் முதல் நாலு எழுத்தை வைத்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருந்தான். கடலோரம் இல்லாத எங்கள் ஊர் யேசுரத்தினங்களுக்கும் ராஜையன்களுக்கும் அது போதும். ஆனால் முட்டத்தில் இறங்கி நின்று மரியா என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். மாதா பெயரை முன்னால் போட்டுத்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும். கடற்புறத்துப் பெயர்கள் எல்லாம் ஒரே பெட்டியில் போய்க் குவிந்துவிட்டன. புரோகிராம் அந்தப் பெட்டிக்குள் போய் ஒவ்வொரு பெயரையும் எடுத்து, ஒலி ஒத்துவருகிறதா என்று பார்க்கும். அதுவும் ஒரு தடவை இல்லை. நாலாவது எழுத்துக்குப் பிறகு ஓமனா ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் மறுபடி முதலில் இருந்து. அது முடிகிறவரை மருந்தும் ரத்தமும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

"நீ உனக்க பேரை அடிச்சுப் பாத்தியே, அப்போ ஏன் தெரியல?" என்று கேட்டேன்.

"நான் முழுப் பேரை அடிக்கல" என்றாள்.

முழுப் பெயர் மரிய ரெஜிஷா. வேலைக்குச் சேர்ந்தபோது முன்பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். மரியா என்றால் கடற்புறம் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் இவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். விட்டும் பிரயோசனமில்லை, முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முழுப் பெயரை அடித்திருந்தால் முதல் நாளே குற்றம் பிடிபட்டிருக்கும்.

மறுநாள் காலை ராஜையன் சார் அறையில் எல்லாரையும் கூட்டினாள். அஞ்சுகிராமம் பஸ் வந்த நேரத்துக் கணக்கையும் முட்டம் பஸ் வந்த நேரத்துக் கணக்கையும் தனித்தனியாகத் திரையில் காட்டினாள். ஜெபிஷ் முதலில் சாமான் பொய் சொல்கிறது என்றான். அவனையே உட்காரவைத்து, "மரியஜான்னு அடி மக்கா" என்றாள். அடித்தான். எங்கள் கண் முன்னால் ஆஸ்பத்திரி முழுக்க நின்றது. டிரஸ்ட்டிலிருந்து வந்திருந்தவர் போர்டைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைக்கச் சொன்னார். கொட்டகை இல்லை, பிற்பகல் இல்லை.

இதோடு முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெபிஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. புரோகிராமை மாற்ற மாசக்கணக்கில் ஆகும் என்றான். அதுவரை என்ன செய்வது என்று டிரஸ்டி கேட்டதற்கு அவன் சொன்ன வழியைக் கேளுங்கள்: "மரியான்னு அடிக்காம விட்டாப் போதும். ஜான்னு போடட்டு, புஷ்பம்னு போடட்டு. பேருல என்ன இருக்கு?"

ராஜையன் சாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே ஓமனாவுக்கு உத்தரவு போயிற்று.

ரெஜிஷா கத்தினாள். ஜான் என்று தேடினால் மரியஜான் என்ற பெயரில் இருக்கிற பழைய சீட்டு வராது, டாக்டருக்கு என்ன தெரியும் என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த சில நாள் சர்வர் படுக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த கிழவிகள் எல்லாம் அன்றுதான் முதன்முதலாக வந்த புது நோயாளிகளாகி, வெற்றுச் சீட்டோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால், வெள்ளை மாத்திரை என்பார்கள். என் கவுண்டரில் இருக்கிறது எல்லாமே வெள்ளை மாத்திரைதான். இதைச் செய்தவர்கள் மனுஷர்களா என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்கு அடுத்த நாள் முட்டம் பஸ்ஸில் ரெஜிஷாவின் அம்மா வந்தார். மீன் விற்றுவிட்டு அப்படியே வந்திருந்தார், முட்டுவலி. வரிசை நகர்ந்து அவர் முறை வந்தது. என் ஜன்னலில் இருந்து பதிவு கவுண்டர் நன்றாகத் தெரியும்.

"பேரு என்னவாக்கும்?" என்று ஓமனா கேட்டாள்.

"மரிய வேளாங்கண்ணி."

ஓமனா தலையைத் தாழ்த்திக்கொண்டு, "மரியா வேண்டாம் அம்மச்சி. வேளாங்கண்ணி மதி, அது போதும்" என்றாள். பாவம், களியக்காவிளையிலிருந்து வேலைக்கு வருகிறவள். அவளுக்கு வந்த உத்தரவு அது.

"எது வேண்டாம்?"

"மரியா. மேல இருந்து சொல்லியிருக்கு."

"ரெண்டும் மாதா பேருதான் பிள்ளே" என்றார் அந்த அம்மா. "மரியாவும் மாதா, வேளாங்கண்ணியும் மாதா. அதுல நீ எந்த மாதாவை வெட்டப் போற?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. பின்னால் நின்ற ஒருத்தி, "ஏட்டி, எனக்கும் முழுப் பேரைப் போடு, மரியபுஷ்பம்" என்றாள். அதற்குப் பின்னால் நின்றவள் தன் பெயரைச் சொன்னாள். எழுதினால்தான் நகருவோம் என்று கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ரெஜிஷா சொல்லிக்கொடுத்துத்தான் வந்தார்கள் என்று ராஜையன் சார் பிறகு எல்லாரிடமும் சொன்னார். முட்டத்துப் பெண்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமா?

ஓமனா அந்த அம்மாவைப் பார்த்தாள், உத்தரவை நினைத்தாள், பிறகு எழுத்தெழுத்தாக முழுசாக அடித்தாள். சர்வர் படுத்தது. அடுத்த பெயரையும் முழுசாக அடித்தாள். அதற்கடுத்ததையும். நிற்பதும் எழுவதும் மறுபடி நிற்பதுமாக, ஆபரேஷன் தியேட்டர் பக்கம்வரை சத்தம் கிளம்பிவிட்டது.

ராஜையன் சார் ஏ.சி. அறை வாசலில் வந்து நின்று, "ரீஸ்டார்ட் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு" என்று கத்தினார்.

ரெஜிஷா நாற்காலியை விட்டு எழவில்லை. "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சார். பேரு தேடுது."

"நீ பண்ணுகியா இல்லியா?"

"ஜெபிஷைக் கூப்பிடுங்க. அவனுக்குத் தெரியும் எங்க கை வைக்கணும்னு."

டிரஸ்ட்டிலிருந்தே ஜெபிஷுக்கு போன் போயிற்று. பைக்கில் வந்தான். வந்ததும் சர்வர் முன்னால் உட்கார்ந்தான். பெயரை முழுசாக அடித்து முடித்த பிறகு ஒரே ஒரு தடவை தேடு, முதல் நாலு எழுத்துக்குப் பதிலாக முழுப் பெயரின் ஒலியை வைத்துப் பெட்டி பிரி: இவ்வளவுதான் அவன் மாற்ற வேண்டியிருந்தது. மாசக்கணக்கில் ஆகும் என்று சொன்ன வேலை, எங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு முட்டம் பஸ் வந்து சர்வர் படுத்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் உள்ளவர்கள் வேறு பேச்சு கண்டுபிடித்துக்கொண்டார்கள். கூட்டம் என்றவர்கள் மீன் வாடை என்றார்கள். அது வேறு சங்கதி.

ரெஜிஷாவை வேலையை விட்டு நீக்கினார்கள். நோயாளிகளின் பெயர்களை அனுமதியில்லாமல் ஒட்டுக்கேட்டாள், ஆட்களைத் திரட்டி வேலையைக் கெடுத்தாள் என்று காரணம் சொன்னார்கள். நான் போய்ப் பேசிப் பார்த்தேன். போய் உன் கவுண்டரைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே டிடிரேஸ்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. எவனாவது எழுதிய புரோகிராம் எங்கேயாவது மூச்சுத் திணறினால் இவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். அங்கேயும் எல்லாரோடும் சண்டைதான் என்று கேள்வி.

ஆஸ்பத்திரியில் அவளுடைய கடைசி நாள் மட்டும் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. அனுபவச் சான்றிதழ் வாங்க ராஜையன் சார் அறைக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். அவர் காகிதத்தை மேஜை மேல் தள்ளினார். அவள் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"பேரு தப்பா இருக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ரெஜிஷா. இதுல என்ன தப்பு? சேந்த நாள்ல இருந்து இதுதானே உனக்க பேரு?"

"மரிய ரெஜிஷா. முழுசாட்டு அடிச்சுத் தாங்க."

"இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமா?" என்றார் ராஜையன் சார். "நாங்க மரியாவை வெட்டினோம்னு ஊரையே கூட்டினியே. உனக்க பேருல உள்ளதை யாரு வெட்டினது? நாங்களா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இல்ல சார்" என்றாள். "அதை நான்தான் வெட்டினேன். உங்களுக்குப் பயந்து."

அவர் மணியை அடித்து டைப்பிஸ்டைக் கூப்பிட்டார்.